இணையதளமும் மாற்றுத்திறனாளிகளும்: வாசகர் கேள்விகள்

சேலத்துச் சிறு வணிகர்கள் தங்களுக்கென்று இணையதளம் அமைத்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர், அந்தத் தளங்களை மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேட்கப்பட வேண்டிய கேள்வி அது என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நாங்கள் சேலை உற்பத்தி செய்து விற்கிறோம். மகன் இணையதளம் அமைத்துக் கொடுத்த பிறகு வெளியூர் விற்பனை நன்றாக நடக்கிறது. அண்மையில் கோவையிலிருந்து பார்வையற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எங்கள் தளத்தில் ஒரு சேலையைக்கூடத் தம்மால் வாங்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார். படங்களெல்லாம் தெளிவாகத்தானே இருக்கின்றன? பார்வையற்றவர் இணையத்தில் எப்படிச் சேலை வாங்குவார் என்பதே எங்களுக்கு விளங்கவில்லை.
— சேலை உற்பத்தியாளர், இளம்பிள்ளை

பதில்: அவர் அழைத்துச் சொன்னதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும், இப்படி இடர்ப்படுகிறவர்களில் பலர் ஒன்றும் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பார்வையற்றவர்களின் கைப்பேசியிலும் கணினியிலும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் என்.வி.டி.ஏ. அல்லது ஜாஸ் என்று அதற்குப் பல பெயர்கள். திரையில் இருப்பதை அது வரிசையாகக் குரலில் படித்துக் காட்ட, கேட்பவர் விரலாலோ விசைகளாலோ அடுத்தடுத்த இடத்துக்கு நகர்கிறார். அந்த மென்பொருள் பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்துக்கு அடியில் எழுதப்பட்டிருக்கும் குறிமொழியைத்தான் படிக்கிறது. எனவே ஒரு படம் என்ன படம், ஒரு பட்டன் என்ன செய்யும், ஒரு கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குறிமொழியில் சொற்களாக இருந்தாக வேண்டும். உங்கள் தளத்தில் அவை இல்லாததால், அந்த ஆசிரியையின் காதில் "படம், படம், பெயரிடாத பட்டன், படம்" என்றோ, கேமரா கொடுத்த கோப்பு எண் என்றோதான் ஒலித்திருக்கும். கூடையின் படம் போட்ட பட்டன்தான் வாங்குவதற்கானது என்பதை அவர் எப்படி அறிவார்?

முதலில் ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் எனப்படும் மாற்று உரையை எழுதுங்கள். "அழகான சேலை" என்று எழுதினால் அது விவரம் ஆகாது. கடைக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் உங்கள் விற்பனையாளர் எப்படி எடுத்துச் சொல்வாரோ அப்படி எழுத வேண்டும்: "மயில்கழுத்து நிற உடல், இரண்டு அங்குல அரக்குக் கரை, முந்தியில் வெள்ளி ஜரிகைக் கோடுகள், உடலில் புட்டா இல்லை." பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு நிறத்தைச் சொல்லி என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு அவர் வகுப்பறைக்கோ திருமணத்துக்கோ செல்கிறார்; எந்த ரவிக்கைக்கு எது பொருந்தும் என்பதும், எந்த நிறம் தமக்கு நன்றாக இருக்கும் என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும். இவற்றோடு துணியின் கனம், வழவழப்பு, நீளம், ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா என்பனவற்றைப் படத்துக்குக் கீழே எல்லோரும் படிக்கும்படி எழுதினால், பார்வையுள்ள வாடிக்கையாளர்களும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் குறையும்.

உங்கள் ஊரில் பரவலாக இருக்கும் ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பப் பழகியதால், விலையையும் சேலையின் குறியீட்டு எண்ணையும் படத்தின் மேலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து திரைவாசிப்பானைப் பொறுத்தவரை எழுத்தே அல்ல. விலையும் எண்ணும் பக்கத்தில் தனி எழுத்தாகவும் இருக்க வேண்டும். பக்கத்தின் அழகுக்காக மட்டும் வைத்திருக்கும் கொடி, பூ, கோடு போன்ற படங்களுக்கு மட்டும் மாற்று உரையை வெறுமையாக விட்டுவிடச் சொல்லுங்கள். வெறுமையாக இருந்தால் திரைவாசிப்பான் அவற்றைப் படிக்காமல் தாண்டிச் செல்லும். மாற்று உரைக்கான இடமே இல்லாமல் விட்டால்தான் அது கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கும்.

கேள்வி: நான் வலைத்தள வடிவமைப்பாளர். ஒரே ஒரு வரிக் குறிமொழியைச் சேர்த்தால் போதும், பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்துடன் ஒரு பட்டன் வந்துவிடும், தளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்கிறார்கள். வாடிக்கையாளர்களும் அதையே கேட்கிறார்கள். சேர்த்துவிடலாமா?
— ஐந்து ரோடு, சேலம்

பதில்: பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பட்டன் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். இவை இரண்டும் கைப்பேசியிலும் உலாவியிலும் ஏற்கெனவே இருக்கும் வசதிகள்தாம். பெயரில்லாத பட்டனுக்குச் சரியான பெயரை அதனால் உறுதியாகத் தர முடியாது; படத்தில் இருப்பது கொலுசா வளையலா என்று அது ஊகிக்கலாம், ஊகம் தவறலாம். திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் பலருக்கு இத்தகைய பட்டன்கள் தங்கள் மென்பொருளின் வேலையில் குறுக்கிடும் கூடுதல் தொல்லையாகவே இருக்கின்றன. அமெரிக்காவில் இவ்வகைக் கருவியை விற்கும் அக்செஸிபி என்ற நிறுவனம், எந்தத் தளத்தையும் தன் கருவி மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரத்துக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்தது ஆதாரமற்றது என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. 2025 ஜனவரியில் அந்நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

அந்தக் கருவிக்கு ஆண்டுதோறும் கட்டும் சந்தாவை, குறிமொழியைச் சரிசெய்ய நீங்கள் செலவிடும் நேரத்துக்கான கூலியாக வாடிக்கையாளரிடம் கேளுங்கள். பட்டன் போலத் தோன்றும் பெட்டியை வரைந்து அதற்குச் சொடுக்கும் வசதியைச் சேர்ப்பதற்குப் பதிலாக, எச்.டி.எம்.எல். மொழியில் பட்டனுக்கென்றே இருக்கும் குறிச்சொல்லைப் பயன்படுத்துங்கள். எழுத்தைத் தடிமனாக்கித் தலைப்பு போலக் காட்டாமல், தலைப்புக்கான குறிச்சொற்களைப் படிநிலை தவறாமல் வரிசையாக இடுங்கள். ஏனென்றால் திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் நீண்ட பக்கத்தில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் வேண்டியதைத் தேடுகிறார்கள். உங்கள் தொழிலில் முதல் ஆண்டிலேயே கற்ற பாடங்கள் இவை. அவற்றைக் கைவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பு ஒன்றை அவளே கைப்பேசியில் திறந்து கேட்டபோது, தமிழ்ப் பகுதி முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலித்தது. இன்னோர் அறிவிப்பில் ஒலியே வரவில்லை. திரையில் பார்த்தால் இரண்டும் நல்ல தமிழ்தான். ஏன் இப்படி?
— ஆசிரியை, ஓமலூர்

பதில்: தமிழ்த் தளங்களுக்கே உரிய, பலரும் கவனிக்காத சிக்கலை உங்கள் மாணவி எதிர்கொண்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டி நூல்களில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

யுனிகோடு பரவுவதற்கு முன் உருவான பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. பாமினியில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரியும் சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்திருக்கிறது. கண்ணால் படிப்பவருக்கு எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டிவிடுகிறது. காதால் படிப்பவருக்கு அந்த ஆங்கில எழுத்துகள்தாம் கிடைக்கின்றன. தேடுபொறிக்கும் அதே நிலைதான். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யுனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. இருந்தும், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிய கைகளும், அதற்கேற்ற அச்சு மென்பொருள்களும் இன்னும் பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் தொடர்கின்றன. பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட்டு வெளியிட்டால் போதும்.

ஒலியே வராத அறிவிப்பு, தாளில் அச்சிட்டுக் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, அதை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக ஏற்றியதாக இருக்கும். அது முழுப் பக்கமும் ஒரே படம். அதில் எழுத்து என்று எதுவுமே இல்லை. கையெழுத்திட்ட படி தேவையென்றால் அதையும் வையுங்கள். அதே செய்தியை இணையப் பக்கமாகவும் தட்டச்சு செய்து வெளியிட வேண்டும். யுனிகோடில் தட்டச்சு செய்த பி.டி.எஃப். கூடத் தமிழுக்கு எப்போதும் நம்பகமானதல்ல, பி.டி.எஃப். எழுத்து வடிவங்களை அவை வரையப்படும் வரிசையில் சேமிப்பதால், கொம்பும் காலும் மெய்யெழுத்திலிருந்து பிரிந்து சொற்கள் சிதைவதை, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். தமிழ் அறிவிப்புக்குச் சாதாரண இணையப் பக்கமே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒவ்வோர் இணையப் பக்கத்தின் தொடக்கத்திலும் அது எந்த மொழிப் பக்கம் என்று குறிக்கும் ஒரு பண்பு இருக்கிறது. லேங் என்று பெயர். ஆயத்த வார்ப்புருக்களில் அது பெரும்பாலும் ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்ப் பக்கத்தில் அதை மாற்றாமல் விட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலைக் கொண்டு தமிழைப் படிக்க முயன்று தடுமாறும், அல்லது தமிழை விட்டுவிடும். தமிழுக்கு டி.ஏ. என்ற ஈரெழுத்துக் குறியீடு. அதை இடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கத்தின் நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலம் என்று தனியே குறிக்கலாம். தமிழ்க் குரல் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, என்.வி.டி.ஏ.வுடன் வரும் இலவசக் குரல்களிலும் இருக்கிறது.

இப்போதைக்கு உங்கள் மாணவி கூகுள் லென்ஸ் போன்ற செயலியால் ஸ்கேன் பக்கத்தை எழுத்தாக்கிக் கேட்கலாம். ஆனால் கடைசி நாள், கட்டணம், மதிப்பெண் போன்ற எண்களைப் பார்வையுள்ள ஒருவர் சரிபார்த்துக் கொடுப்பது நல்லது. அந்த நிறுவனத்துக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். பள்ளியின் முத்திரையோடு வரும் கடிதத்துக்கு அவர்கள் பதில் தர வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் நான்கு அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். சக்கர நாற்காலியில் வரும் விருந்தினர் ஒருவர், முன்பதிவுப் பக்கத்தில் தேதியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினார். அவருக்குக் கை விரல்களும் சரியாக இயங்காதாம். தளத்தின் முகவரியை இத்துடன் எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்ல முடியுமா?
— ஏற்காடு

பதில்: பார்த்தேன். தேதியைக் கேட்கும் இடத்தில் ஒரு நாட்காட்டி விரிகிறது. அதிலிருக்கும் சிறு கட்டங்களை மவுஸால் மட்டுமே தொட முடிகிறது. தண்டுவடக் காயம், பார்க்கின்சன் நோய், பெருமூளை வாதம் போன்ற காரணங்களால் மவுஸைத் துல்லியமாக நகர்த்த முடியாதவர்கள் விசைப்பலகையைக் கொண்டோ, குரல் கட்டளையாலோ, ஒற்றைப் பொத்தானாலோ கணினியை இயக்குகிறார்கள். இவையெல்லாம் வேலை செய்வதற்கு அடிப்படை, பக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் டேப் விசையால் சென்றடைந்து, என்டர் அல்லது ஸ்பேஸ் விசையால் இயக்க முடிவதுதான். நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள், அதோடு தேதியை நேராகத் தட்டச்சு செய்யவும் ஒரு கட்டம் கொடுங்கள். டேப் விசையை அழுத்தும்போது இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டும் வளையத்தையும் உங்கள் வடிவமைப்பாளர் அழகுக்காக நீக்கியிருக்கிறார். அந்த வளையம் இல்லாமல் பக்கத்தில் நகர்வது, விளக்கில்லாமல் இரவில் மலைப்பாதையில் இறங்குவதற்குச் சமம். அதைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் விரலால் தொடும் பட்டன்கள் குறைந்தது 24 பிக்சல் அகலமும் 24 பிக்சல் உயரமும் இருக்க வேண்டும், அல்லது அவற்றுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் பன்னாட்டு அணுகல் நெறியின் 2.2 பதிப்பு. என்னைக் கேட்டால் 44 பிக்சல் வையுங்கள்; நடுங்கும் கைக்கு 24 போதாது.

முகப்பில் பனி மூடிய காலைப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் வாடகையை எழுதியிருக்கிறீர்கள். படம் மிக அழகு. எழுத்து பனியில் கரைந்துவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்திலும், பெரிய எழுத்தானால் 3-க்கு 1 என்ற விகிதத்திலும் இருக்க வேண்டும். வெள்ளையின் மேல் கறுப்புக்கு அது 21-க்கு 1. எழுத்துக்குப் பின்னால் ஓர் அடர்ந்த பட்டையை இட்டால் படமும் கெடாது. அறை இருக்கிறது, இல்லை என்பதைப் பச்சை, சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுகிறீர்கள். அவ்விரு நிறங்களையும் வேறுபடுத்திப் பார்க்க இயலாதவர்கள் ஆண்களில் கணிசமானோர். "உண்டு", "நிரம்பியது" என்ற சொற்களையும் சேருங்கள். இன்னொன்று, கைப்பேசியில் பக்கத்தை விரலால் பெரிதாக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். முதியவர்கள் வரும் தளத்தில் அந்தப் பூட்டு முதலில் திறக்கப்பட வேண்டும்.

குறிமொழியைத் திருத்திவிட்டால் மட்டும் அந்த விருந்தினர் உங்கள் வீட்டுக்கு வந்துவிட முடியாது. "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது" என்ற ஒற்றை வரி அவருக்கு எதையும் சொல்வதில்லை. வாசலில் எத்தனை படிகள், சாய்தளம் உண்டா, கழிப்பறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், உள்ளே கைப்பிடி உண்டா, கார் எந்த இடம் வரை வரும், அங்கிருந்து அறை வரை சிமெண்டுத் தளமா, மழையில் சேறாகும் மண் பாதையா என்பதை அளந்து எழுதுங்கள். ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த பிறகு, கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது என்று தெரிந்தால் அவர் என்ன செய்வார்? இல்லாததை இல்லை என்று எழுதுவதும் அவருக்கு உதவிதான். வழியில் சிக்னல் மெலிந்து படங்கள் இறங்காமல் போனாலும், மாற்று உரை எழுதியிருந்தால் அது திரையில் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எழுத்தைப் படிப்பதில் எனக்கு இடையூறு இல்லை. எனவே இணையதளம் எனக்குத் தடையில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இப்போது எல்லாமே காணொளியாகிவிட்டது. குறை சொல்லவும் தொலைபேசி எண் மட்டுமே கொடுக்கிறார்கள்.
— சூரமங்கலம்

பதில்: நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். பேச்சுள்ள ஒவ்வொரு காணொளிக்கும், பேசப்படும் சொற்களோடு, கதவு தட்டும் ஒலி, எச்சரிக்கை மணி போன்ற பொருளுள்ள ஓசைகளையும் குறிக்கும் வசன வரிகள் இருக்க வேண்டும். இயந்திரம் தானே உருவாக்கும் வரிகளை அப்படியே விடக்கூடாது. மருந்தின் அளவிலும் பணத்தின் தொகையிலும் ஓர் எண் பிழையானால் விளைவு பெரிது. பேச்சு முழுவதையும் எழுத்தாகப் பக்கத்தின் கீழே கொடுத்தால், பார்வையும் செவியும் குறைந்தவர்கள் அதைப் பிரெய்ல் காட்டி வழியாகத் தொட்டுப் படிக்க முடியும். சைகை மொழியே முதல் மொழியாக உள்ளவர்களுக்கு எழுதிய தமிழ் இரண்டாம் மொழிதான் என்பதால், மருத்துவம், தேர்தல், பேரிடர் போன்ற செய்திகளில் இந்தியச் சைகை மொழி விளக்கமும் தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் வசன வரியும் சைகை மொழி விளக்கமும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தொலைபேசி எண் கொடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் குறுஞ்செய்திக்கோ மின்னஞ்சலுக்கோ வழி வைக்க வேண்டும் என்று, இந்தப் பகுதியைப் படிக்கும் தள உரிமையாளர்கள் அனைவரையும் உங்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சாவைப் பார்வை குறைந்த என் தந்தையால் தாண்டவே முடியவில்லை. மாற்று உண்டா?
— அஸ்தம்பட்டி

பதில்: உண்டு. கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் ஓ.டி.பி., மனிதர் கண்ணுக்குப் புலப்படாமல் பின்னணியிலேயே இயந்திரங்களை வடிகட்டும் முறைகள் என்று பல வழிகள் வந்துவிட்டன. எழுத்துப் புதிரைத் தீர்த்தால்தான் உள்ளே நுழையலாம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 பதிப்பின் புதிய விதிகளில் ஒன்று. ஓ.டி.பி.யைத் தட்டச்சு செய்யப் போதிய நேரமும், நகலெடுத்து ஒட்டும் வசதியும் தர வேண்டும்.

கேள்வி: தனியார் இணையதளம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா, அல்லது இது நல்லெண்ணம் சார்ந்த விஷயம் மட்டும்தானா?
— சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

பதில்: சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 46-ஆம் பிரிவு, அரசானாலும் தனியாரானாலும் சேவை வழங்குவோர், அணுகல் விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றுக்கேற்பச் சேவை வழங்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டன. எனவே அந்தக் கெடு 2019-இலேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு இடமளிக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 17802 என்ற தரம் இருக்கிறது. அரசுத் தளங்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகளும் உள்ளன.

நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய தீர்ப்புகள் இரண்டு. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த, மேலே சொன்ன 2017 விதிகளில் 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவு, மூலச் சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயத் தரங்களைத் தனியே வகுக்கும்படி மத்திய அரசைப் பணித்தது. பிரக்யா பிரசுன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அமிலத் தாக்குதலில் முகமும் கண்களும் சிதைந்தவர்களிடம், வங்கியின் இணையவழிச் சரிபார்ப்புக்காகக் கேமராவின் முன் கண் சிமிட்டச் சொன்னதிலிருந்து எழுந்த வழக்கு அது. கண் சிமிட்ட இயலாதவரை உயிருள்ளவர் என்று ஏற்க மறுக்கும் ஒரு முறையை வடிவமைத்தவர்கள், அப்படி ஒருவர் இருப்பார் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதுதான் அதில் என்னை மிகவும் வருத்துகிறது.

இவ்வழக்குகளின் வரிசை பழையது. 2000-ஆம் ஆண்டிலேயே ப்ரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் தளத்தில் படங்களுக்கு மாற்று உரை இல்லை என்பது உள்ளிட்ட குறைகளுக்காக ஏற்பாட்டுக் குழுவின் மீது தொடுத்திருந்த புகாரில், 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு பெற்றார். இங்கே புகார் தருவதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும் தலைமை ஆணையரும் இருக்கிறார்கள்.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தளத்தைச் சரிசெய்ய மனம் இருக்கிறது, பெரிய தொகை இல்லை. எதிலிருந்து தொடங்குவது? சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— செவ்வாய்ப்பேட்டை

பதில்: வெப்எய்ம் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் உலகின் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்து வருகிறது. 2025-இல் அவற்றுள் 94.8 சதவீதத்தில் கண்டறியத்தக்க குறைகள் இருந்தன; அந்தக் குறைகளில் மிகப் பெரும்பாலானவை ஆறே வகைக்குள் அடங்கிவிட்டன. மங்கலான எழுத்து, மாற்று உரையில்லாத படம், பெயரில்லாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பட்டன், மொழி குறிக்கப்படாத பக்கம் ஆகியவையே அவை. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. முதலில் வாங்கும் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கொலுசைப் பார்ப்பது, அளவைத் தேர்ந்தெடுப்பது, முகவரி தருவது, பணம் செலுத்துவது. அந்த நான்கு பக்கங்கள் சரியானால் ஒருவர் பிறர் துணையின்றி உங்களிடம் வாங்க முடியும். உங்கள் பட்டறையின் வரலாற்றுப் பக்கம் பிறகு வரலாம்.

சோதிப்பதற்கு, மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டேப் விசையால் மட்டும் ஒரு கொலுசை வாங்கிப் பாருங்கள். எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ அங்கே ஒரு வாடிக்கையாளரும் சிக்கியிருப்பார். அடுத்து, உலாவியில் பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். குரோம் உலாவியிலேயே லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. வேவ் என்ற கருவியும் இலவசம்தான். ஆனால் இயந்திரச் சோதனை குறைகளில் ஒரு பகுதியை மட்டுமே பிடிக்கும்: மாற்று உரை இருக்கிறதா என்று அதற்குத் தெரியும், அந்த உரை உண்மையா என்று தெரியாது. எனவே ஆஸ்திரேலியாவில் உருவாகி இலவசமாகவே வழங்கப்படும் என்.வி.டி.ஏ.வை நிறுவிக் கண்ணை மூடிக் கேளுங்கள்; எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குச் செல்லும், கண்ட்ரோல் விசையை அழுத்தினால் பேச்சு நிற்கும். கைப்பேசியில் டாக்பேக்கைத் தொடங்கும் முன் அதை நிறுத்தும் முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் அது இயங்கும்போது ஒரு தொடுகை தேர்வு செய்ய மட்டுமே, இயக்குவதற்கு இரட்டைத் தொடுகை வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு, தினமும் திரைவாசிப்பானோடு வாழும் ஒருவரிடம் தளத்தைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சேலத்தில் கல்லூரிகளிலும் வங்கிகளிலும் பள்ளிகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டக்கூடும். அவருடைய நேரத்துக்கு உரிய கட்டணத்தைக் கொடுங்கள். அவர் உங்களுக்குச் செய்வது தொழில்முறை வேலை. அவர் கண்டுசொல்லும் தடைகளைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். புதிய கொலுசின் படம் ஏற்றும் பையனுக்கு, மாற்று உரை எழுதாமல் படம் ஏற்றக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தளத்தைப் பயன்படுத்த இயலாதவர்கள் தொடர்புகொள்ள ஓர் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இருக்கட்டும். அதில் வரும் அழைப்பை எடுப்பவர், தளத்தில் இருக்கும் அதே விலைக்கு, பிறருக்குத் தரும் அதே சலுகையோடு, தொலைபேசியிலேயே விற்பனையை முடித்துத் தர உங்கள் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும்.